கோட்டையைத் துடைத்தவர்கள்

காலை ஐந்து நாற்பது. கண் விழித்ததும் முதலில் பார்த்தது, தரையில் விரித்த போர்வைமேல் கிடந்த ஓவியத்தை. ஏரி, கரையில் ஒரு கோட்டை. கோட்டையின் வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் துணி தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தோம். அப்பா பக்கத்து ராணுவக் கன்டோன்மென்ட்டில் ஓர் அதிகாரிகள் மெஸ்ஸில் வெயிட்டர். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம் அது. இன்ஸ்பெக்ஷன் வந்தால் அங்கே அசையாமல் நிற்கும் எல்லாவற்றையும் துலக்குவார்கள், இல்லாவிட்டால் பெயின்ட் அடிப்பார்கள். ஜன்னல் துடைக்கக் கலக்கிய சலவைச் சோடா தண்ணீரிலேயே அப்பா ஓவியத்தையும் துடைத்திருக்கிறார். அழுக்கு போய் ஏரி பளிச்சிட்டதும், கோட்டையை இன்னும் அழுத்தித் தேய்த்துவிட்டார்.

சலவை டெம்போவில் மறைத்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததே திருட்டாகிவிடும். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. வேலை போனால் பென்ஷனும் போகும். இன்ஸ்பெக்ஷன் அன்று பதினொரு மணிக்கு.

கீழ்வீட்டுக்காரர் ராணுவ லாரிகளுக்கு நம்பர் எழுதுபவர். பிரஷ், பெயின்ட், தின்னரோடு வந்து உட்கார்ந்தார்.

"இந்த இடத்துல என்ன இருந்துச்சுண்ணே?"

"கோபுரம்."

"ஒண்ணா, ரெண்டா?"

அப்பா வெறும் துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இருபது வருஷமா தூசி தட்டுறாரு, அதுகூடத் தெரியல" என்றாள் அம்மா.

"விடுங்கண்ணி. எனக்கு இருக்கிற பழக்கத்துக்குக் கோட்டைக்கும் நம்பர் போட்டுராம இருந்தா சரி."

ஒரு கோபுரம் வரைந்தார். டேபிள் ஃபேன் வைத்துக் காயவைத்தோம். எட்டரைக்கு அதே டெம்போவில் ஓவியம் திரும்பிப் போனது.

மெஸ் முழுக்கப் புது பெயின்ட் வாசனை என்பதால் தின்னர் நாற்றம் யாருக்கும் தெரியவில்லை. வந்த அதிகாரி பட்டியலில் 'ஓவியம், ஒன்று' என்பதற்கு நேரே டிக் போட்டார். ஏரி இவ்வளவு நீலமா என்று வியந்தார். மற்ற நான்கு ஓவியங்களையும் இதேபோல் துலக்கும்படி உத்தரவானது.

அப்பா மறுநாளே முதுகுவலி என்று மெடிக்கல் லீவு போட்டார். வேலை இன்னொரு வெயிட்டரிடம் போனது. சோலாப்பூர்க்காரர், அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, "கைஸே கியா, பையா?" என்று, எப்படிச் செய்தீர்கள் என இந்தியில் கேட்டார்.

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பியபடியே, "சோடா பானி" என்றார்.

வந்தவர் டீ குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

அப்பா பதினான்கு மாதம் கழித்து முழுப் பென்ஷனோடு ஓய்வு பெற்றார். சோலாப்பூர்க்காரரை, நான்கு ஓவியங்களிலும் வெறும் துணி தெரிந்த மாதமே வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள்.