பழைய பிட்சாவும் சரோஜாவின் தோசைக்கல்லும்

2026 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.40. வெப்பம் ஐந்து டிகிரி. மூடுபனியில் எதிர்க் கட்டடம் காணாமல் போயிருந்தது. திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி சரோஜா அன்று காலை ஏழரைக்குத் தில்லி வந்து சேரவேண்டும். ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம் என்று கைபேசி சொன்னது. ஸ்வெட்டர், கோட்டு, மஃப்ளர், குரங்குக் குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் தயாராக இருந்த நான், அந்தக் கோலத்திலேயே சமையலறைக்குள் போனேன். மருமகள் பூஜா, முந்தைய இரவு என் மகன் ரவி வரவழைத்ததில் மிஞ்சிய பிட்சாவைக் காலைச் சாப்பாடாக்க முயன்றுகொண்டிருந்தாள். ஐந்து துண்டுகள். எண்ணிவிட்டேன்.

பூஜா பஞ்சாபிப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்து பத்து மாதமாகிறது. மிச்சத்தைச் சூடாக்குவதில் அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் மரியாதை நமக்குக் கிடையாது. நாம் மிஞ்சியதைக் குளிர வைப்போம். சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் வேலை முடிந்தது. 1976-இல் தில்லிக்குக் கிளார்க்காக வந்து கரோல் பாகில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தேன். பஞ்சாபி வீட்டுக்கார அம்மாள் முதல் நாள் ரொட்டியை நெய் தடவி முறுகச் சூடாக்கி, வெல்லத்தோடு கொடுத்தார். மிச்சத்தை என் தலையில் கட்டுகிறார் என்று நினைத்து, வயிறு சரியில்லை என்றேன். அவர் நம்பி, தெருமுனைக் கம்பவுண்டரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். ஊசிக்குப் பயந்து மூன்று ரொட்டியையும் தின்றேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைவிட நல்ல காலைச் சாப்பாடு எனக்குக் கிடைக்கவில்லை.

பிட்சாவுக்கு வருகிறேன். முதல் துண்டு மைக்ரோவேவில் போனது. வெளியே வரும்போது ஈரத்துணி போலத் துவண்டது. நாலு வாய் தின்பதற்குள் செருப்புத் தோலாக இறுகியது. ஓவன் இருக்கிறது, ஆனால் அதற்குள் இட்லித் தட்டுகளும் முறுக்கு அச்சும் குடியிருக்கின்றன. இரண்டாவது துண்டு சப்பாத்தி தவாவில். தவா மெல்லியது; அடி கருகிய பிறகும் மேலே சீஸ் குளிர்ந்தே கிடந்தது.

"அப்பாஜி, மம்மியோட அந்தத் தடி தவாவை எடுக்கட்டுமா?" என்றாள் பூஜா.

தடி தவா என்றால் சரோஜாவின் தோசைக்கல். கல்யாணமான வருடம் திருச்சியிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த இரும்புக் கல். அதில் தோசை, ஊத்தப்பம் தவிர எதுவும் கூடாது. சப்பாத்தி போட்டால்கூடத் தோசை எழும்பாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எல்லாம் தெரிந்தும், குளிர், பசி. "எடும்மா" என்றேன்.

அவள் செய்ததை இப்போதும் வியக்கிறேன். சிறுதீயில் கல்லைப் பொறுமையாகக் காயவைத்து, எண்ணெய் விடாமல் இரண்டு துண்டுகளை வைத்து, ஓரங்களைத் துணியால் அழுத்தினாள். அடி மொறுமொறுவென்று ஆனது. சீஸ் மட்டும் உருகவில்லை. சற்றும் யோசிக்காமல், பராட்டாவைத் திருப்புவது போல இரண்டையும் கவிழ்த்துப் போட்டாள்! சீஸ் சீறியது, ஓரமெல்லாம் பொன்னிறச் சல்லடையாக முறுகியது. ஆளுக்கொன்று தின்றோம். கொலஸ்ட்ரால் ஞாபகம் பாதியில்தான் வந்தது.

பேப்பர் படித்துவிட்டுத் திரும்பினால், கல் அடுப்பின் மேல் வெள்ளையாகப் பளபளத்தது. ஒட்டிய சீஸை எடுக்க, சோப்புப் போட்டுக் கம்பி நாரால் அரைமணி தேய்த்திருக்கிறாள்.

"தேகோ அப்பாஜி, பாருங்க! எத்தனை வருஷ அழுக்கு! எல்லாம் போயிடுச்சு!"

நான் உட்கார்ந்துவிட்டேன். அது அழுக்கில்லை, அந்தக் கறுப்பில்தான் தோசை எழும்பும் என்று விளக்கியபோது அவள் முகம் வாடிப்போனது. "இந்தக் கல்லைத் தொட மம்மி என்னை ஒருநாளும் விட்டதில்லை. இனி கிச்சனுக்குள்ளேயே விடமாட்டாங்க." அந்த நேரம் பார்த்து சரோஜாவின் ஃபோன்: "என்னங்க, இன்னும் குவாலியர் தாண்டல. மாவு பொங்கிருச்சா? வந்ததும் தோசைதான். நாக்கு செத்துப் போச்சு."

குளிருக்காகச் சுற்றிவைத்த கம்பளிக்குள் மாவு நன்றாகவே பொங்கியிருந்தது. பனி கொடுத்த அவகாசத்தில் நாங்கள் இருவரும் நல்லெண்ணெயும் வெங்காயமுமாகக் கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் காய்ச்சினோம். மூன்று மணிக்கு ஊற்றிய முதல் தோசை மூன்றாகக் கிழிந்தது. இரண்டாவது எழும்பவே இல்லை.

மாலை ஐந்தரைக்கு ரவி ஸ்டேஷனிலிருந்து சரோஜாவை அழைத்து வந்தான். கைகால் கழுவி நேரே அடுப்புக்குப் போனவள் கல்லைப் பார்த்தாள்.

"யாரு தேச்சது?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. இத்தனை வருஷத்துல ஒரு டம்ளர் கழுவினதில்ல, சாட்சி சொல்ல வந்துட்டீங்க."

"நான்தான் மம்மி. பிட்சா ஒட்டிக்கிச்சு" என்றாள் பூஜா.

"பிட்சாவா? மிச்சம் இருக்கா?"

ஒன்று இருந்தது. பூஜா அதைக் கல்லில் வைத்தாள். அடி முறுகியதும் கவிழ்க்கப் போனாள். சரோஜா கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். "அச்சா, அச்சா, திருப்பாத. ஓரத்துல நாலு சொட்டு தண்ணி தெளி. மூடி போடு. தீயைக் குறை. ஊத்தப்பம்னு நெனச்சுக்கோ." ஒரு நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால், மேலே சீஸ் பளபளவென்று உருகியிருந்தது, அடி மொறுமொறுவென்று இருந்தது. பழைய பிட்சாவைச் சூடாக்க இதைவிடச் சிறந்த வழி இருப்பதாக நான் நம்பவில்லை. சரோஜா நின்றபடியே தின்றாள். "உப்பு ஜாஸ்தி" என்றாள். பிறகு பூஜாவைப் பார்த்து, "தோசைக்கு லாயக்கில்லாம பண்ணிட்ட. இனிமே இது உன் கல்லு. சோப்பு மட்டும் போட்ட, பாரு!" என்றாள். பூஜா முதலில் என்னைப் பார்த்தாள், திட்டா பரிசா என்று தெரியாமல். நான் தலையாட்டினேன்.

மறுநாள் புதுத் தோசைக்கல் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். "பழைய கல்லு என்ன சார் ஆச்சு?" என்றார் கடைக்காரர். "கட்சி மாறிடுச்சு" என்றேன். இப்போது அடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு கற்கள். திருச்சியிலிருந்து வந்த கல்லில் பஞ்சாபிக் கைகள் பிட்சா சுடுகின்றன. தில்லியில் வாங்கிய கல்லில் சரோஜா இன்னும் கிழியாத ஒரு தோசைக்காகப் போராடுகிறாள். கல் 850, நல்லெண்ணெய் 230, மெட்ரோ போகவர 86. மொத்தம் ரூபாய் 1,166.