லோடு முடிச்சில் மாட்டிய போன்

இன்று சங்ககிரியில், தங்கையின் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தேன். அங்கே இன்டர்நெட் போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்டதால் வாடிக்கையாளர்கள் வேறு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

போன் லைனைச் சரிபார்க்க வந்த டெக்னீஷியன் பானு, போன் திரையில் கணக்கைக் காட்டினார். "பேச்சை நூறு துண்டா அனுப்புனா பன்னெண்டு காணாமப் போகுதுங்க. அதுவும் பக்கத்துல இருக்கிற ரவுட்டருக்குப் போறதுக்குள்ளயே!"

வகுப்பிலிருந்து கிளம்பிய பிள்ளைகள் பள்ளி வாசலைத் தாண்டும் முன்பே குறைந்தது போல.

வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். மேசைக்கடியில் லாரி லோடு கட்டும் தார்ப்பாய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியதில் வயர் நசுங்கிக் கிடந்தது.

"யாருங்க கட்டுனது?" என்றார் பானு.

"எங்க ஊட்டுக்காரருதானுங்க. அவரு போட்ட முடிச்சு டெல்லி போனாலும் அவுறாதுங்க!" என்றாள் தங்கை பெருமையாக.

பானு புது வயர் போட்டார். இழப்பு பூஜ்யம். குரல் கணீரென்று கேட்கிறது.

இப்போது மாப்பிள்ளை வந்து, புது வயர் தொங்குகிறதே என்று கயிறு தேடுகிறார். யாராவது உடனே போன் போட்டு அவரிடம் பேச்சுக் கொடுங்கள்.