அடிக்குப் பயந்து மறைத்தாள்

நான் முத்தியால்பேட்டையில் தையல் வேலை செய்பவள். என் மகள் யாழினிக்கு நான்கு வயது. சென்ற ஆண்டு வேர்க்கடலைச் சட்னி சாப்பிட்டதும் அவள் உடம்பெங்கும் தடிப்பு வந்தது. ரத்தப் பரிசோதனையிலும் ஒவ்வாமையா என்று உறுதியாகத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியில வெச்சு, கொஞ்சமா குடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் குடுக்காதீங்க" என்றார் டாக்டர்.

பயத்தில் அந்தச் சோதனைக்கு நான் போகவே இல்லை. அக்கம்பக்கத்திலும் சொல்லவில்லை. குழந்தையை மட்டும் மிரட்டி வைத்தேன். ஒருமுறை கடலை மிட்டாயைத் தொட்டதற்கே அடித்துவிட்டேன்.

போன மாதம் பக்கத்து வீட்டில் விளையாடிவிட்டு வந்தவளின் உதடு வீங்கியிருந்தது.

"என்னாடி தின்ன?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் திங்கலம்மா."

எறும்பு கடித்திருக்கும் என்று எண்ணெய் தடவிவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவளுக்கு மூச்சிரைத்தது. என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மாலா அக்கா, "நாந்தான் மல்லாட்ட உருண்ட குடுத்தேன். புள்ளைக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியாதேம்மா!" என்று பதறினார். வேர்க்கடலை உருண்டை! அவர் ஸ்கூட்டரிலேயே ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். ஊசி போட்ட பிறகு மூச்சு சீரானது.

கண் திறந்ததும் யாழினி கேட்டாள்: "இப்ப சொன்னா அடிப்பியாம்மா?"



இப்போது தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். டாக்டர் சொன்ன மருந்து எப்போதும் என் பையில் இருக்கிறது. எதைத் தின்றதாக அவள் சொன்னாலும் நான் குரலை உயர்த்துவதில்லை. நேற்று அவளாகவே வந்து, "அம்மா, சக்கரைய அள்ளித் தின்னுட்டேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.