செல்வரத்தினம் கார் மினுக்கிய காலம்

பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளிக்கும் மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல்கட்டை ஏறிப்போனால் வரும் தேயிலைத் தோட்டத்தில் செல்வரத்தினம் பெரிய கிளாக்கராக இருந்தார். யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து இருபத்திரண்டு வயதில் ரயிலேறி வந்தவர். தொழிலாளர்களின் வேலைநாட்களைப் பதியும் செக்ரோல் புத்தகத்தில் ஆயிரத்துச் சொச்சம் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதி எழுதியே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. குடிக்கமாட்டார். சீட்டாட மாட்டார். ஒருவரிடமும் உரத்துப் பேசமாட்டார். இப்படிப்பட்ட மனிதருக்கு 1957ஆம் ஆண்டு ஒரு கார் வந்து வாய்த்தது.

அந்த வருடம் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஒரேயடியாக ஊருக்குப் போனார். மேசை, நாற்காலி, துப்பாக்கி, நாய் எல்லாவற்றையும் வாங்க ஆள் கிடைத்தது. பழைய மொரிஸ் எயிட் காருக்கு மட்டும் கிடைக்கவில்லை. கப்பல் ஏற மூன்று நாள் இருக்கையில் துரை செல்வரத்தினத்தைக் கூப்பிட்டு, "இதை நம்பிக்கையானவர் ஒருவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று இத்தனை நாளும் வைத்திருந்தேன்" என்றார். செல்வரத்தினம் அதை அப்படியே நம்பினார்.

கறுப்புக் கார் என்றுதான் காகிதத்தில் இருந்தது. பல வருடம் சைப்பிரஸ் மரத்தடியில் வெயிலிலும் பனியிலும் நின்றதில் அதன் கறுப்பு செத்துப்போய், விரலால் தடவினால் மாவு மாவாக ஒட்டும் அளவுக்கு வெளுத்திருந்தது. துரையின் டிரைவர் அடைக்கன் அதைப் பங்களாவிலிருந்து ஓட்டி வந்து கிளாக்கர் குவார்ட்டர்ஸ் முன்னால் நிறுத்தினான். மறுநாள் விடியற்காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் திரண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "கிளாக்கரய்யா பூசணிக்கா வாங்கியிருக்காரு, பாத்தீங்களா? நல்லாச் சாம்பல் பூத்துப்போயி இருக்கு" என்றாள். ஒன்பது மணிக்குள் தோட்டம் முழுக்க அதற்குப் 'பூசணிக்கா' என்றே பெயராகிவிட்டது.

மனைவி குணமணிக்கு வேறு கவலை.

"இஞ்சருங்கோ, ஓடத் தெரியாத ஆளுக்கு என்னத்துக்குக் கார்?"

"ஓடப் பழகலாம். முதல்லை இதைச் சனம் பாக்கக்கூடிய மாதிரி ஆக்கவேணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை செல்வரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அழுக்கு எதுவானாலும் சவர்க்காரத்துக்கும் தேங்காய்த் தும்புக்கும் அடங்கும் என்பது அவர் எண்ணம். ஒரு மணி நேரம் தேய்த்தார். கழுவி ஊற்றிவிட்டுப் பார்த்தபோது கார் முன்பைவிட வெளுப்பாக இருந்தது. வெயில் பட்டதும் பொனட் முழுவதும் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. ஒரு பெரிய சிலந்தி இரவெல்லாம் உழைத்தது மாதிரி.

அடுத்த வாரம் பதுளைக்குப் போனார். பஜாரில் மொஹிதீனின் கடையில் ஆணி, கயிறு, பெயின்ட், சைக்கிள் சாமான் எல்லாம் கிடைக்கும். மொஹிதீன் விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தும்பால தேச்சீங்களா? அது சட்டி இல்ல ஐயா, காரு." ஒரு தகர டின்னை எடுத்து வைத்தார். "இதுல இரிக்கிற பசை மணல் மாதிரி, கண்ணுக்குத் தெரியாத மணல். செத்துப்போன பெயின்ட எடுக்கும். துணி கறுத்தாப் பயப்பட வேணாம். ஆனா நெறயத் தேச்சா உசிரோட இரிக்கிற பெயின்டையும் எடுத்திரும். விளிம்புல கையே வைக்காதீங்க. அங்க பெயின்ட் மெல்லிசு. இது முடிஞ்ச பொறகுதான் மெழுகுப் பொலிஷ்."

செல்வரத்தினம் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். வீட்டுக்கு வந்து, விளிம்பில்தான் முதலில் கை வைத்தார். அங்கேதான் அழுக்கு அதிகமாக இருந்தது. துணி கறுக்கக் கறுக்க அவருக்கு உற்சாகம் ஏறியது. இடது மட்கார்டின் முனையில் கறுப்பு மினுங்கியது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் இன்னும் மினுங்கும் என்று தேய்த்தார். சட்டென்று கறுப்பு விலகி, அடிப்பூச்சின் செங்கல் நிறம் ஒரு நாணயக் குற்றியளவில் எட்டிப்பார்த்தது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் சப்பாத்துப் பொலிஷை எடுத்து வந்து அந்த இடத்தில் பூசினார். கச்சிதமாக மறைந்தது. அன்று பின்னேரம் குணமணியுடன் கோயிலுக்குப் போக அடைக்கனை அழைத்துக் காரை எடுத்தார். பாதி வழியில் மழை பிடித்தது. கோயில் வாசலில் இறங்கும்போது செல்வரத்தினத்தின் வெள்ளை வேட்டி மட்கார்டில் உரசியது. பூசாரி திருநீற்றைக் கொடுத்துவிட்டு வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கறை என்று கேட்டிருந்தால் பரவாயில்லை என்று செல்வரத்தினத்துக்குத் தோன்றியது.

வேறொருவராயிருந்தால் அத்துடன் விட்டிருப்பார். ஆனால் பிழையான பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது செல்வரத்தினத்துக்குப் பழகிய வேலை. மட்கார்டின் முனைக்கு மொஹிதீனிடம் கறுப்புப் பெயின்ட் வாங்கி, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார்.

இம்முறை அவசரமில்லை. வெயில் ஏறுமுன் நிழலில் நிறுத்தி, கூரையிலிருந்து கீழ்நோக்கி வெறும் தண்ணீரால் மண்ணைக் கரைத்து விட்டார். குணமணியின் பழைய பிளானல் உள்பாவாடையொன்று காணாமற் போயிற்று. அதன் துண்டொன்றில் சுண்டைக்காயளவு பசை எடுத்து, ஒரு கைக்குட்டை அகலத்துக்கு மேல் போகாமல், நீள வாக்கில் மட்டும் தேய்த்தார். துணி கறுத்ததும் புதுத்துண்டு. ஒரு கதவுக்கு ஒரு ஞாயிறு. பொனட்டுக்கு இரண்டு. மெழுகை மெல்லிசாகப் பூசி, அது மூச்சுப்பட்ட கண்ணாடிபோல மங்கும்வரை கைகட்டி நின்று, பிறகு துடைத்தார். மூன்றாம் மாதம் ஒருநாள் குணமணி காரின் கதவில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். அன்று முழுவதும் செல்வரத்தினம் செக்ரோல் எழுதும் கந்தோரில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைச் சின்னக் கிளாக்கர் பார்த்திருக்கிறார்.

இதில் ஒரு சிக்கலும் பிறந்தது. காரை எடுத்தால் தூசி படும். றோட்டில் கல் தெறிக்கும். ஆகவே கார் மினுங்க மினுங்க அது ஓடுவது குறைந்துகொண்டே வந்தது. ஓட்டப் பழகும் எண்ணத்தை அவர் கைவிட்டார். பழகுகிற கை எங்காவது இடித்துவிடும். பொலிஷ் வாங்கப் பதுளைக்கு அவர் பஸ்ஸில்தான் போனார்.

"கார் வச்சிருக்கிறவரு பஸ்ஸில வாறீங்க" என்றார் மொஹிதீன்.

"மழை வரும்போல கிடக்கு" என்றார் செல்வரத்தினம். வானம் வெளுத்துக் கிடந்தது.

ஞாயிறு துடைத்த காரைத் திங்கட்கிழமை மட்டும் அடைக்கனைக்கொண்டு கந்தோர் வாசல்வரை உருட்டி வரச்செய்து, பின்னேரம் திருப்பி அனுப்புவது அவருக்கிருந்த ஒரே ஆடம்பரம். அப்படி ஒரு திங்கட்கிழமை, 1958 கடைசியில், கொழும்புக் கொம்பனியின் விசிட்டிங் ஏஜென்ட் தோட்டத்தைப் பார்வையிட வந்தார். வெள்ளைக்காரருக்குப் பிறகு வந்த புதிய துரை கொழும்பில் படித்தவர். நீளமான புதுக்கார் வைத்திருந்தார். காலையில்தான் பதுளை ஸ்டேஷனுக்குப் போய் ஏஜென்டை ஏற்றி வந்ததால் அந்தக் காரில் மண்றோட்டின் தூசி ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. கந்தோர் வாசலில் ஏஜென்ட் இறங்கியதும் நேரே மொரிஸ் எயிட்டிடம் போனார். பொனட்டில் தன் தொப்பி தெரிவதைக் குனிந்து பார்த்தார்.

"பழைய காரையும் நீர் இப்படி வைத்திருக்கிறீரே. மிக்க சந்தோஷம்" என்று துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

"அது என் பெரிய கிளாக்கருடையது."

"அப்படியா" என்று ஏஜென்ட் துரையின் காரை ஒருமுறை பார்த்தார். பிறகு துரையின் சப்பாத்தைப் பார்த்தார். அப்படியே கந்தோருக்குள் போனார். ஆனால் ஜன்னலோரம் நின்ற கந்தோர்ப் பியூன் மூலம் அந்தப் பார்வை அன்று மாலைக்குள் தொழிலாளர் குடியிருக்கும் கடைசி லயம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை துரையிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது: ஊழியர் வாகனங்கள் கந்தோர் முன்னால் நிற்கக்கூடாது. சனிக்கிழமை இன்னொரு துண்டு: பெரிய கிளாக்கர் பங்களாவுக்கு வரவேண்டும். குணமணி பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினாள்.

துரை கேட்டது ஒரே கேள்விதான். "அதை எப்படிச் செய்கிறீர்?"

இருபத்துநான்கு வருடத்தில் எந்தத் துரையும் செல்வரத்தினத்திடம் எதையும் எப்படிச் செய்கிறீர் என்று கேட்டதில்லை. அவர் அரைமணி நேரம் விளக்கினார். பசையின் அளவைச் சுண்டுவிரலில் காட்டினார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது. நாளைக்கு வந்து அடைக்கனுக்குக் காட்டும்" என்றார்.

அடைக்கன் கெட்டிக்காரன். செல்வரத்தினம் காட்டியதைக் கண்ணை இமைக்காமல் பார்த்தான். துணியை வாங்கி நாலு தரம் தேய்த்தான். பிறகு விரல்களை விரித்துப் பார்த்தான்.

"எனக்கு வராதுங்க கிளாக்கரய்யா. ஸ்டேரிங் புடிச்ச கை, நடுங்குது. பெயின்ட் போயிருச்சுன்னா தொர என்னய நிப்பாட்டிப்புடுவாரு."

பெயின்ட் போய்விடும் என்ற சொல்லையே செல்வரத்தினத்தால் தாங்க முடியவில்லை. துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு ஞாயிறு தோறும் அவர் துரையின் காரைத் துடைத்தார். அடைக்கன் மண்மேட்டில் குந்திப் பீடி பற்றவைத்து, "அந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சுங்க" என்று உதவி செய்தான். சந்தைக்குப் போகும் பெண்கள் பங்களா வேலியருகே நின்று பார்த்தார்கள். "நம்ம கிளாக்கரய்யாவுக்குத் தொர பங்களாவுல வேல கெடச்சிருச்சு" என்றாள் ஒருத்தி.

குணமணிக்கு அது காதில் விழுந்தது.

"யாழ்ப்பாணத்திலை கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? பெரிய கிளாக்கர் எண்டுதானே அப்பு என்னை உங்களுக்குச் செய்து தந்தவர்."

செல்வரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அது நல்ல பெயின்ட், குணமணி" என்றார்.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. 1961இல் துரைக்குக் களுத்துறைப் பக்கம் மாற்றம் வந்தது. புதிதாக வருபவர் தன் கிளாக்கரையும் கூட்டிக்கொண்டு வருகிறார் என்ற செய்தியும் சேர்ந்தே வந்தது. பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இடம் காலியென்று கேள்விப்பட்ட செல்வரத்தினம், துரையிடம் நற்சான்று கேட்டார். துரை அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதி, உறையில் போட்டுக் கைகுலுக்கியும் கொடுத்தார்.

பண்டாரவளைக்குப் போகிற பஸ்ஸில் செல்வரத்தினம் அதைப் பிரித்தார். திரு. செல்வரத்தினம் நேர்மையானவர், ஒழுங்கு தவறாதவர் என்று தொடங்கியது. "மோட்டார்க் காரின் மேற்பூச்சைப் பராமரிப்பதில் இவருக்கு இணையானவரை நான் இலங்கையில் கண்டதில்லை. கார் வைத்திருக்கும் எந்தத் துரைக்கும் இவரைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்" என்று முடிந்தது. செக்ரோலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

பண்டாரவளைத் துரை வயதான மனிதர். மலை முழுவதும் கைத்தடியோடு நடந்தே சுற்றுபவர். அவரிடம் இருந்த ஒரே வண்டி சேறு அப்பிய ஜீப். கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதெல்லாம் சரி. செக்ரோல் எழுதத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும் சேர்" என்றார், இருபத்தேழு வருடம் அதையே எழுதியவர்.

ஒரு மாதம் பரீட்சைக்கு வைத்தார்கள். நாற்பத்தொன்பது வயதில் ஒரு சின்னப் பையனைப்போல அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் துரை பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தார். மாத முடிவில், "மோசமில்லை. பழகிக்கொள்வீர்" என்று வேலையை நிரந்தரமாக்கினார். அன்றிரவு அதைக் குணமணியிடம் சொல்லும்போது செல்வரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் அவர் பார்த்தார்.

இனி ஞாயிறுகளில் மனிதர் வீட்டில் இருப்பார் என்று அவள் நினைத்தாள். இரண்டாம் ஞாயிறு காலை ஆளைக் காணவில்லை. மொரிஸ் எயிட் வாசலில் மினுங்கியபடி நின்றது; தேடிப்போனபோது தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் வீட்டு முற்றத்தில், பாசி பிடித்த ஒரு ஒஸ்டின் காரின் பக்கத்தில் குந்தியிருந்தார். கதவின் கீழ்ப்பகுதியில் கைக்குட்டையளவு இடம் மட்டும் பளபளவென்று நீலமாக இருந்தது.

"ஆர் கேட்டவை?" என்றாள் குணமணி.

"ஒருத்தரும் கேக்கேல்லை."

அவள் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய்த் தேநீர் கொண்டுவந்தாள். பொனட்டின் மேல் வைக்க விடமாட்டார் என்று தெரிந்ததால் கோப்பையைப் பக்கத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு, நீல இடத்தைக் குனிந்து பார்த்தாள்.