முன்ஷி சாயபு கசக்கிப் போட்ட காயிதம்

வேலைக்குச் சேர்ந்த நாள்

வெள்ளைக்காரன் காலத்தில், ஆம்பூரில், முன்ஷி சாயபு வீட்டில் நான் வேலை செய்தேன். அவர் பார்சி படித்தவர், அதனால்தான் முன்ஷி என்ற பட்டம். பாரசீக பாஷையை அங்கே பார்சி என்றுதான் சொல்வார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூணாவது வரைக்கும்தான் படித்தவள். யார் எதிரிலும் வாய் திறக்க மாட்டேன்.

முதல் நாள் அவர் அறையைப் பெருக்கப் போனேன். தரையெல்லாம் கசக்கிப் போட்ட காயிதம். வெளக்குமாற்றை வைத்ததும் கத்தினார்.

"நில்லு, நில்லு! எழுத்து மேல வெளக்குமாறு படக்கூடாது. கையால பொறுக்கிப் பானையில போடு. பானை ரொம்பினா பாலாத்துல, ஓடற தண்ணியில விடு."

"சாமி எழுத்துங்களா ஐயா?"

"இல்லம்மா. குடிக்கறதைப் பத்தின பாட்டு."

எனக்கு ஒண்ணும் புரியவில்லை. குடிகாரப் பாட்டுக்கு இன்னா இவ்ளோ மரியாதை? கேட்க வெட்கம். பொறுக்கினேன்.

பழைய பார்சிப் பாட்டுப் புஸ்தகம் ஒன்றுக்கு உருதுவில் அர்த்தம் எழுதுவதுதான் அவர் வேலை. காலையில் நாலு வரி எழுதுவார். மத்தியானம் கசக்குவார். சாயங்காலம் திரும்ப எழுதுவார். கிணற்றடியில் பொம்பளைகள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

"உங்க சாயபு இன்னாடி வேலை செய்றார்?"

"எழுதறார்."

"எழுதி?"

"கசக்கறார்."

"நல்ல வேலைதான். எங்க வூட்டு ஆளுக்கும் ஒண்ணு கேளேன். தோல் பதம் போடற ஷாப்புல ஆட்டுத்தோல் மயிர் சொரண்டி இடுப்பு ஒடையுது."

சிரிப்பார்கள். எனக்கும் அது வேலையா இல்லையா என்று தெரியாது.

ஆற்றில் தண்ணி இல்லை

அந்த வருஷம் மழை இல்லை. பாலாறு வெறும் மணல். ஓடினது தோல் ஷாப்புக் கால்வாய் மட்டும்தான், தோல் பதம் போட ஆவாரம்பட்டை ஊறின செவப்புத் தண்ணி. அதில் விட மனசு வரவில்லை. முன்ஷி சாயபின் சம்சாரம் பீபிம்மாவிடம் சொன்னேன்.

"ஆறு வரட்டும். அது வரைக்கும் வெறகுக் கொட்டாயில வை. அவருக்குச் சொல்லாதே, பேஜார் பண்ணுவார்" என்றார்.

பானைகள் சேர்ந்துகொண்டே போயின.

மண்டி சாயபு வந்த அன்னிக்கு

புஸ்தகத்தை அச்சுப் போட ஒத்துக்கொண்டவர் ஒரு தோல் மண்டி சாயபு. நாளைக்கு மெட்ராஸ் போகிறேன், எழுதினதைக் கொடுங்கள் என்று வந்து நின்றார். முன்ஷி சாயபு முடியாது என்றார்.

"ஒரு பாட்டுக்கு அர்த்தம் சரியா வரல. முன்ன ஒரு தடவை நல்லா வந்துச்சு, நான்தான் கசக்கிட்டேன். இப்ப இருக்கறது அது இல்ல."

"ஆட்டுத்தோல் கூட இவ்ளோ நாள் தொட்டியில கெடக்காது முன்ஷி சாப்! சாயங்காலத்துக்குள்ள குடுங்க. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவர் போனதும் முன்ஷி சாயபு தலையில் கை வைத்துக்கொண்டார். சாப்பாட்டைத் தொடவில்லை. எத்தனையோ வருஷ உழைப்பு. வேறு யார் அச்சுப் போடுவார்கள்?

"அந்தக் காயிதம் ஆத்தோட போச்சு" என்றார். எழுத்தை விட்டுத் தலை தூக்காதவருக்கு ஆறு காய்ந்ததே தெரியாது.

பீபிம்மா என்னைப் பார்த்தார். நான் போய்ப் பானைகளைத் தூக்கி வந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் காயிதங்களை நீவி நீவிக் கொடுத்தோம். அவர் பார்த்துப் பார்த்து ஒதுக்கினார். வெயில் சாயும்போது, "கெடைச்சிடுச்சு!" என்று எழுந்தார்.

அதை இப்போது எழுதின தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். விரல் வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கம் மெதுவாக ஓடியது, இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வரும் வரை சிரித்தார்.

"இன்னாங்க?" என்றார் பீபிம்மா.

"ரெண்டும் ஒண்ணுதான். ஒரு எழுத்துகூட மாறல."

மண்டி சாயபு வந்ததும் எழுதின தாள்களை எல்லாம் அவர் கையில் கொடுத்துவிட்டார்.

ஐப்பசியில் ஆறு வந்தது. "தேடிக் கெடைச்ச இந்தத் தாளையும் போடவா?" என்று முன்ஷி சாயபிடம் கேட்டேன். "போடு" என்றார். எல்லாவற்றையும் விட்டேன். மை கரைந்து போனது.

சின்னவர்களுக்கு இதிலிருந்து ஏதாவது சொல்லணும். எதையும் உடனே தூக்கிப் போடாதே என்று சொல்லலாம். ஆனால் வைத்திருந்த காயிதத்தில் புதுசாக ஒண்ணும் இல்லையே! வைக்காமல் இருந்திருந்தாலோ, அவர் கடைசி வரைக்கும் புஸ்தகத்தைக் கொடுத்திருக்க மாட்டார். இதில் எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுத்து இருக்கிற காயிதத்தை மட்டும் இன்னிக்கும் கையால்தான் பொறுக்குகிறேன்.