கருமாதிக்கு முன் ஒரு கல்யாணம்

மாமனார் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஒப்பாரி வைத்த சொந்தக்காரப் பெண்களின் நடுவில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே நான், அடுத்த வாரம் விழுப்புரத்தில் வேலை முடிந்து திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில், ஒரு டப்பிங் சீரியல் இளவரசியின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அது ராஜா ராணி காலத்துக் காதல் கதை. தூண்கள் எல்லாம் அட்டை என்று பார்த்தாலே தெரியும். இளவரசி தூங்கும்போதுகூட ஒட்டியாணத்தைக் கழற்ற மாட்டாள். இளவரசன் போரில் வெட்டு வாங்கினாலும் தலைமுடி கலையாது. வாய் ஒரு பக்கம் அசையும், தமிழ் ஒரு பக்கம் வரும். இதையெல்லாம் கிண்டல் செய்துகொண்டே ஒருநாள் விடாமல் பார்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கிண்டலில் மாமனார்தான் முதல் ஆள்.

"இவனுக்கு நாட்டுல வேற வேலையே இல்லியா? எந்நேரமும் அவ பின்னாடியே சுத்திக்கினு கீறான்" என்பார். ஆனால் விளம்பரம் வரும்வரை, மல்லாட்டைக் கடலை உரிக்கும் அவர் கை அப்படியே நிற்கும்.

சாவு வீட்டில் கருமாதி முடியும்வரை டிவி போடக்கூடாது. கொழுந்தனார் அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டார். போதாத காலம், இளவரசியின் கல்யாணம் அந்த நாட்களில்தான் வந்து தொலைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன், முடியவில்லை. பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் பார்த்துவிட்டேன். என்னைப் பெற்ற மகளாக வைத்திருந்த மனிதருக்கு வராத கண்ணீர் அட்டை அரண்மனைக்கு வந்ததே என்று அசிங்கமாக இருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வீங்கிய முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். மாமனார் படத்துக்கு முன்னால் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, சீரியல் பாத்தியா?"

கையிலிருந்த ஹெட்போனைப் பைக்குள் திணித்தேன். "தப்புதான் அத்த. பஸ்ல சும்மா..."

"தாலி கட்டிட்டானா?"

"கட்டிட்டான் அத்த."

திட்டு விழப்போகிறது என்று நின்றேன். அவர் நகர்ந்து, படத்துக்கு எதிரே பாயில் எனக்கு இடம் விட்டார்.

"ஆஸ்பத்திரில அதத்தான் கேட்டுக்கினே இருந்தாரு. ரெண்டும் ஒண்ணு சேந்துடுமான்னு. எனக்கு இன்னா தெரியும்? சேந்துடும்னு சொல்லி வெச்சேன். நீ இப்படிக் குந்து. இன்னா பொடவ, எந்த மண்டபம், ஒண்ணு விடாம அவராண்ட சொல்லு."

படத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"மாமா, மாப்பிள்ள யானை மேல வந்தான்" என்று ஆரம்பித்தேன். மாமனாருக்காக அன்றுதான் அழுதேன்.

அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் கொஞ்சம் அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

"யானையாவது நெசமா, இல்ல அதுவும் அட்டதானா? சொல்லும்மா, அவரு கேப்பாரு."