பக்கத்துக் கட்டில்காரர் கேட்ட சொல்

கைபேசியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடும்போதெல்லாம், பதுளை ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த துணிக்கடை முதலாளி எனக்கு நினைவுக்கு வருகிறார். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டும்போது அப்பாவின் காலில் பட்ட காயம், சர்க்கரை வியாதியால் ஆறாமலே போயிருந்தது. காலையில் வரும் டாக்டர்கள் நோயாளியிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசுவார்கள். நோயைப் பற்றித் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். நோயாளிகள் காதில் விழுந்த ஆங்கிலச் சொல்லை, படித்தவர் யாராவது பார்க்க வரும்வரை மறந்துவிடாமல், கட்டிலுக்குக் கட்டில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா பிடித்து வைத்திருந்த சொல் 'டெப்ரைட்மென்ட்'. காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்துபோயிருந்தார். அழுகிய சதையை நீக்கிப் புண்ணைச் சுத்தம் செய்வதுதான் என்று தேடி வாசித்தேன். "கால் தப்பிச்சிருச்சு!" என்றார், வார்டு முழுவதும் கேட்கும்படி. "எம்புள்ள கெம்பஸ்ல படிக்குது. எந்த வார்த்தையக் குடுத்தாலும் அர்த்தம் எடுத்துத் தரும்." எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"மகள், எனக்கும் ஒண்டு பாருங்க," என்றார் முதலாளி. "பாலியேட்டிவ். மகன்மார்ட்ட கேட்டா சத்து மருந்துண்டு சொல்றாங்க."

தேடினேன். நோயின் மூலத்தை நீக்காமல் வேதனையை மட்டும் தணிப்பது என்று வந்தது. வேறு பொருள் கிடைக்காதா என்று திரையை மேலும் கீழும் தள்ளினேன். அன்று மனதில் பதிந்த அந்தச் சொல்லை இன்று நான் தேட வேண்டியதில்லை.

"ஒங்கட போன் சொல்ல முந்தி மொகம் சொல்லிட்டு," என்று சிரித்தார். "வாசிங்க மகள்."

சொல்லாதே என்பதுபோல் அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். ஆனால் அது முதலாளியின் உடம்பைப் பற்றிய சொல். அதை என்னிடமே வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. மெதுவாக, ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன். வீட்டில் வைத்தும் பராமரிக்கலாம் என்று கீழே இருந்ததையும் சொன்னேன்.

"அத இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பகல் சாப்பாட்டோடு அவருடைய மூத்த மகன் வந்தார். "நாளைக்குச் சோறு கொண்டு வர வேணாம், மகன்," என்றார் முதலாளி. "சாரமும் சட்டையும் கொண்டு வாங்க. ஊட்டுக்குப் போவம்."

மகன் அவரைப் பார்த்தார். பிறகு என்னையும் என் கையிலிருந்த போனையும் பார்த்தார்.

நான் தலை குனியவில்லை.